தண்ணித்தொட்டிப் புல்

தம்பி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்ய ஆரம்பித்தது, வீட்டு முன்புறத்தில் புல் போடுகிற பேச்சு வந்த பிறகுதான். அதற்கு முன்பெல்லாம் வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை பேசினால் அதிகம். பேசும்போதும், பின்னால் யாரோ அவசரமாகக் கூப்பிடுகிற மாதிரியே பேசுவான். இப்போது அப்படியில்லை. முட்டி வலி எப்படி இருக்கிறது என்பான், சாப்பிட்டாயா என்பான், ஆற அமர இரண்டு வார்த்தை பேசிவிட்டு, "புல்லு விஷயம் என்னாச்சுக்கா?" என்று வந்து நிற்பான்.

அக்காவுக்கு இது ரொம்பப் பிடித்திருந்தது. ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள் என்பதால் தெருவில் அவளுக்கு 'லேப் அக்கா' என்றே பேர் நிலைத்துவிட்டது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பாவும் அம்மாவும் விட்டுப்போன வீட்டில் தனியாக இருந்தாள். தம்பி குடும்பத்தோடு வேறு ஊரில் இருந்தான். வீட்டுப் பத்திரம் அவன் பேரில் இருந்தது. அவன் தொழில் தொடங்கி வங்கியில் கடன் கேட்டபோது, இரண்டு பேர் பேரில் இருந்தால் இழுத்தடிப்பார்கள் என்றான். அக்கா தன் பாதியை எழுதிக் கொடுத்துவிட்டாள். "பேப்பர்லதான்க்கா என் பேரு. நீ இருக்கிற வரைக்கும் இது உன் வீடு" என்று அன்று சொன்னான். அவளும் அதற்குப் பிறகு அந்தப் பேப்பரைப் பற்றி நினைத்ததில்லை.

கழிவுநீர்க் குழாய் பதிக்கிறேன் என்று வந்தவர்கள் முன்புறத்தைத் தோண்டிப் போட்டுவிட்டுப் போன பிறகு, இருந்த கொஞ்சநஞ்சப் புல்லும் மண்ணோடு மண்ணாகிவிட்டது. மழை பெய்தால் சேறு, வெயில் அடித்தால் புழுதி. தம்பிதான் சொன்னான்: "பராமரிப்பே வேணாத புல்லா பாருக்கா. உன் முட்டிக்கு நீ குனிஞ்சு நிமிந்து வேலை செய்ய முடியாது." அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் மறுநாள் லேபில் எல்லாரிடமும் ஒரு சுற்றுச் சொல்லிவிட்டாள்.

எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்புகிற பழக்கம் அவளுக்கு இல்லை, மனுஷர்கள் விஷயத்தைத் தவிர. நர்சரிக்காரரிடம் போய் அவர் வைத்திருந்த புல்வகைகளில் கொஞ்சம் கொஞ்சம் வாங்கி வந்தாள். பின்கட்டில் துணி காயப்போடுகிற கொடிக்குக் கீழே பிளாஸ்டிக் தட்டுகளில் நட்டாள். எல்லாவற்றுக்கும் ஒரே மண், ஒரே வெயில். லேபில் ரத்தக் குழாய்களில் ஒட்டுகிற அதே வெள்ளை டேப்பில் நம்பர் எழுதி ஒட்டினாள். வேர் பிடிக்கிற வரை தண்ணீர் விட்டாள், பிறகு அடியோடு நிறுத்தினாள். துணி எடுக்கப் போகும்போதெல்லாம் செருப்புக் காலோடு ஒவ்வொரு தட்டையும் ஒரு மிதி மிதித்துவிட்டுத்தான் வருவாள்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவரை அவள் அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள். டீ குடிக்கிற நேரத்தில் அவருக்கு இது பெரிய வேடிக்கையாகிவிட்டது. "புல்லுக்கு வெறும் வயித்துல டெஸ்ட் எடுக்கணுமா, சாப்பிட்டு எடுக்கணுமா?" என்பார். அவரும் சொந்தமாக ஒரு வீடு வாங்க அலைந்துகொண்டிருந்தார். போனைத் திறந்தால் வீட்டுப் படங்கள்தான்.

கார்ப்பெட் புல் தண்ணீர் நின்ற முதல் வாரமே, விருந்துக்கு வந்த இடத்தில் கவனிப்பு போதவில்லை என்கிற சொந்தக்காரர் மாதிரி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டது. எருமைப் புல் தாக்குப்பிடித்தது, ஆனால் வாரத்துக்கு வாரம் வெட்டச் சொல்லி நின்றது. அருகம்புல்லுக்கு எதுவும் ஒரு பொருட்டில்லை. என்ன, தன் தட்டை விட்டு இறங்கி மற்ற தட்டுகளிலெல்லாம் மூக்கை நுழைத்தது. பூச்செடிப் பாத்தியில் அதைப் பிடுங்கியே முட்டி போய்விடும்.

அவள் தேடியது நர்சரியில் இல்லை. பஸ் போகிற வழியில் இருந்தது. கோடை முற்றி, தெருவில் எல்லார் வீட்டு முன்புறமும் வைக்கோல் நிறத்தில் கிடந்தபோது, ஊர் மேல்நிலைத் தண்ணீர்த்தொட்டி அலுவலகத்தின் கம்பி வேலிக்குள் மட்டும் ஒரு பச்சை தெரிந்தது. தொட்டி ஒழுகிக்கொண்டிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தாள். இறங்கிப் போய்ப் பார்த்தாள். ஒழுகல் விழ முடியாத மறுபக்கத்திலும் அதே பச்சை. ஊசி மாதிரி மெல்லிய இலை, கணுக்கால் உயரம்கூட இல்லை, மிதித்தால் மெத்தென்று அமுங்கி எழுந்தது. யார் தண்ணீர் விடுகிறார்கள் என்று காவலாளியிடம் கேட்டாள்.

"யாரும் விடறதில்லம்மா. தண்ணியெல்லாம் மேலதானே இருக்கு" என்றார் அவர்.

அனுமதி கேட்டு, பழைய கரண்டியால் ஒரு துண்டு பெயர்த்து வந்தாள். அது கடைசித் தட்டானது. மற்ற தட்டுகள் ஒவ்வொன்றாகத் தோற்றபோது, அது தன்பாட்டுக்கு இருந்தது. நர்சரிக்காரரிடம் காட்டினாள். அவர் உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, நல்ல புல்தான், கொரியன் புல்லில் ஒரு ஜாதி என்றார். ஆனால் மெதுவாகப் படரும், தரை மூட ஒன்றரை வருஷம் ஆகும், அவ்வளவு பொறுமை யாருக்கும் இல்லாததால் தான் வைப்பதில்லை என்றார்.

"எனக்கு இருக்கு. நான் எங்க போகப்போறேன்?" என்றாள் அக்கா.

தொட்டி அலுவலகத்தில் புதுக் குழாய்க்காக ஓர் ஓரத்தைத் தோண்டப் போவதாக இருந்தார்கள். அந்த ஓரத்துப் புல்லைக் காவலாளி அவளுக்கென்று பெயர்த்து ஒதுக்கி வைத்திருந்தார். சாயம் போன நீல ஸ்டூலைப் போட்டு, குனிய முடியாததால் உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து, ஒரு சாண் இடைவெளிக்கு ஒரு துண்டாக முன்புறம் முழுவதும் நட்டு முடித்தாள். முட்டி பிறகு ஒரு வாரம் பேசிக்கொண்டே இருந்தது.

தம்பிக்குத்தான் பொறுமை போதவில்லை. "இன்னும் மண்ணுதானேக்கா தெரியுது?" என்பான் ஒவ்வொரு ஞாயிறும். முதலில் வேர்தான் ஓடும், இலை அப்புறம் என்று அவள் விளக்குவாள். "சரி, போட்டோ அனுப்பு. புல்லைக் கிட்டக்க எடுக்காத. கேட்லேர்ந்து வீடு முழுக்க தெரியற மாதிரி எடு" என்றான். இன்னொரு ஞாயிறு, "உள்ளயும் எடுத்து அனுப்புக்கா, பார்த்து ரொம்ப நாளாச்சு" என்றான். பிறந்து வளர்ந்த வீட்டின் மேல் அவனுக்கு இப்போதாவது ஆசை வந்ததே என்று அவளுக்குச் சந்தோஷம். சமையலறை ஜன்னலைத் துடைத்தாள். கூடத்துக்குப் புதுத் திரை மாட்டினாள். வெளிச்சம் நன்றாக விழுகிற நேரம் பார்த்து ஒவ்வொரு அறையாக எடுத்து அனுப்பினாள். கூடத்துப் படத்தில் மட்டும் நீல ஸ்டூலை நகர்த்த மறந்துவிட்டாள்.

ஒரு நாள் வேலை முடிந்து வந்து கேட்டைத் திறந்தவள், வேறு வீட்டுக்கு வந்துவிட்டோமோ என்று ஒரு நிமிஷம் திகைத்தாள். முன்புறம் முழுவதும் பச்சைப் பசேலென்று புல். பாய் மாதிரி சுருட்டி வருமே, அந்தப் புல். தம்பி படியில் நின்று சிரித்துக்கொண்டிருந்தான். கையில் போன். படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

"எப்படிக்கா? ஒரே நாள்ல. நீ ஒன்றரை வருஷம் உக்காந்துட்டிருப்ப."

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். ஆசையாகச் செய்திருக்கிறான், முகத்தைக் காட்டக்கூடாது என்று நினைத்துக்கொண்டாள். நர்சரிக்காரர் மிச்சப் பாய்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். அவள் கண்ணைப் பார்க்காமலே, தம்பி போனில் ஆர்டர் கொடுத்தார், உங்களுக்குத் தெரியும் என்று நினைத்தேன் என்றார். நட்டிருந்ததைப் பிடுங்கினீர்களா என்று கேட்டாள். நேரமில்லை, அதன் மேலேயே விரித்துவிட்டோம் என்றார். மண்ணைக் கொத்திவிடவும் இல்லை, பாயின் அடியில் இருக்கும் வலையை எடுக்கவும் இல்லை என்பதை அவளே ஓரத்தைத் தூக்கிப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். வருஷக்கணக்கில் இருக்கப்போகிறவர்கள் அப்படிப் போடமாட்டார்கள். அது அப்போது அவளுக்குத் தோன்றியது. தோன்றியதை அப்படியே தள்ளிவிட்டாள்.

தம்பி சாயங்காலமே கிளம்பினான். காரில் ஏறும்போது, "காலைல சாயங்காலம் ரெண்டு வேளை தண்ணி மட்டும் விட்டுடுக்கா, மறந்துடாத" என்றான். முட்டியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

அவள் விட்டாள். வேலைக்குப் போகும் முன்னும் வந்த பின்னும் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த வாரம் டீ நேரத்தில் எக்ஸ்ரே அண்ணன் போனை நீட்டினார். "இது உங்க தெருதானே? யார் வீடுன்னு கொஞ்சம் விசாரிச்சு சொல்லுங்களேன். நம்ம கைக்கு எட்டும் போலருக்கு."

முதல் படத்தில் பச்சைப் பசேலென்ற முன்புறம். அடுத்ததில் சமையலறை, துடைத்த ஜன்னல். அதற்கடுத்தது கூடம், புதுத் திரை, ஓரத்தில் நீல ஸ்டூல். படங்களுக்குக் கீழே எழுதியிருந்தது: பராமரிப்பு தேவைப்படாத புல்வெளி. உடனே குடியேறலாம்.

வெளிச்சம் நன்றாக விழுந்திருக்கிறது என்றுதான் முதலில் அவள் மனதில் ஓடியது. பிறகுதான் ஞாயிற்றுக்கிழமைகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. சாப்பிட்டியாக்கா. முட்டி எப்படி இருக்கு. உள்ளயும் எடுத்து அனுப்பு. அவளே துடைத்து, அவளே திரை மாட்டி, அவள் இருக்கிற வீட்டை அவளே படம் எடுத்து விற்பனைக்கு வைத்திருக்கிறாள்.

"விசாரிச்சுச் சொல்றேண்ணா" என்றாள். டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள்.

அன்று ஞாயிறு இல்லை. அவளேதான் போன் செய்தாள். தம்பி எடுத்த உடனே, "என்னக்கா, புல்லு காயுதா?" என்றான்.

"வீட்டை விக்கறியா?"

 நல்ல ஆள் அமைந்ததும் சொல்லலாம் என்று இருந்தேன், முன்னாலேயே சொன்னால் நீ மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்வாய் என்றான். தொழில் படுத்துவிட்டது என்றான். இவ்வளவு பெரிய வீட்டில் தனி ஆளாக என்ன செய்கிறாய் என்றான். அவள் வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே ஒரே அறையுள்ள ஒரு மாடிப் போர்ஷன் பார்த்து வைத்திருக்கிறானாம். எல்லாம் அவள் நல்லதுக்குத்தானாம்.

"மாடியா? என் முட்டிக்கா?" என்றாள் அவள்.

 "அடுத்த வாரம் ஒரு ஃபேமிலி பார்க்க வராங்க. அதுவரைக்கும் தண்ணியை மட்டும் நிறுத்திடாதக்கா. ப்ளீஸ்" என்றான்.

மறுநாள் காலையில் அவள் குழாயைத் திறக்கவில்லை. கோபத்தில் என்று சொல்லிவிட முடியாது. கை போகவில்லை, அவ்வளவுதான். சாயங்காலம் வந்து ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, பாயின் ஓரத்தைச் சுருட்டினாள். ஒரு வேர்கூட மண்ணில் இறங்காததால் அது கோரைப்பாய் போல எழும்பி வந்தது. அடியில் அவள் நட்ட துண்டுகள் அப்படியே இருந்தன. வெயில் படாமல் வெளுத்திருந்தாலும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நூல் போலக் கொடி ஓடியிருந்தது. கரண்டியால் ஒவ்வொன்றாகப் பெயர்த்துத் தட்டுகளில் அடுக்கினாள். வேலை முடிந்து வந்து தினமும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தாள். எடுத்த இடத்தில் பாயைத் திரும்ப விரித்துவைத்தாள். விரித்தது மாதிரியே இருக்கட்டும் என்று.

பார்க்க வருகிறவர்கள் வந்தார்கள். கணவனும் மனைவியும், நடுவயசு. தம்பி இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் அவர்களை அழைத்துக்கொண்டு கேட்டைத் திறந்தான். திறந்தவன் முகத்தில் ஈயாடவில்லை. பாய்கள் ஓரமெல்லாம் சுருண்டு, காய்ந்த சப்பாத்தி நிறத்தில் கிடந்தன. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே மண் வாய் பிளந்திருந்தது.

அக்கா படியில் நின்றாள். வந்தவர்களை உள்ளே வரச் சொன்னாள். தம்பி அவள் அருகில் வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, "ஒரு வாய் தண்ணி விட உனக்கு மனசு வரலையா?" என்றான்.

"பராமரிப்பே வேணாத புல்லுன்னு நீதானே எழுதியிருக்க" என்றாள் அவள். குரலை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை.

அந்த அம்மா இதைக் கேட்டுவிட்டாள். புல்லைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். பிறகு அக்காவிடம், "நீங்களா இங்க இருக்கறீங்க? உங்களுக்கு இது தெரியுமில்லையா?" என்று கேட்டாள்.

"போன வாரம் தெரிஞ்சுது" என்றாள் அக்கா.

அவர்கள் வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள், ஆனால் எதையும் தொட்டுப் பார்க்கவில்லை. சொல்லி அனுப்புகிறோம் என்று போனவர்கள் சொல்லி அனுப்பவில்லை. இவர்கள் இல்லையென்றால் இன்னொருவர் வருவார் என்பது அவளுக்குத் தெரியும். பேப்பரில் அவன் பேர்தான். அன்று அவர்கள் போன பிறகு தம்பி, அந்த இஸ்திரிச் சட்டையோடே, செத்த புல்லுக்குக் குழாயைப் பிடித்துக்கொண்டு இருட்டும்வரை நின்றான். அவள் காபி போட்டாள். ஒரு டம்ளர் மட்டும் போட்டாள்.

அடுத்த விடுமுறை நாளில் ஒரு ஆட்டோ பிடித்து, தட்டுகளை ஏற்றிக்கொண்டு தண்ணீர்த்தொட்டி அலுவலகத்துக்குப் போனாள். குழாய் பதித்து மூடிய ஓரம் இன்னும் வெறும் மண்ணாகவே கிடந்தது. அங்கே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஏம்மா, காஞ்சு போச்சா?" என்று காவலாளி கேட்டார்.

"இல்லைங்க. நல்லாத்தான் வந்துச்சு."

 ஒரு சாண் விட்டு ஒரு துண்டு என்று அவள் திரும்ப நட ஆரம்பித்தாள். கைப்பைக்குள் போன் இருந்தது. பழக்கத்தில் சத்தத்தைக் கூட்டித்தான் வைத்திருந்தாள். நட்டு முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. போன் அடிக்கவில்லை.