அந்த வீட்டை உமக்குத் தெரியும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கோவர்தன் என்பது அவனுடைய உண்மைப் பெயர் இல்லை. அவன் அம்மாவின் பெயரையும் மாற்றியிருக்கிறேன். உண்மைப் பெயரைப் போட்டு அவனை நாறடிக்கத்தான் எனக்கு ஆசை. ஏன் போடவில்லை என்பதுதான் இந்தக் கதை.

இரண்டாயிரத்து ஏழாம் வருஷம். ஆர்குட் இணையதளத்தில் எங்கள் ஊருக்கென்று ஒரு குழு இருந்தது. பிள்ளையார்பாளையத்துப் பழைய மனிதர்களைப் பற்றிப் பேச்சு வந்தபோது, யாரோ என் அப்பாவை நினைத்து நாலு வரி எழுதியிருந்தார்கள். கம்பவுண்டர் ஞானமணி, சைக்கிளில் வீடு வீடாகப் போய் ஊசி போட்டவர் என்று. அதன் கீழே கோவர்தன் எழுதினான்: "அந்த ஆளு ஊசி போட்டது நோய்க்கு இல்ல, மதம் மாத்த. பிரெட்டும் பால் பவுடரும் குடுத்து ஆள் புடிச்சவன்."

புடிச்சவனாம்! செத்து ஆறு வருஷமான மனிதரைப் பற்றிப் பேசுகிற பேச்சா இது? பெருமாள் கோயில் கருட சேவைக் கூட்டத்தில் மயங்கி விழுந்தவர்களை மடியில் கிடத்தித் தண்ணீர் கொடுத்தவர் அவர். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வரும் வழியில் பிரவுசிங் சென்டரில் அதைப் படித்தேன். நேரே போதகர் வீட்டுக்குப் போனேன்.

"பதில் எழுதாதீங்க ஜீவிதா. அங்க வாக்குவாதம் பண்ணி யாரும் மனசு மாறினதில்ல. ஆண்டவர் பாத்துக்குவார்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் எழுதியது இவருடைய அப்பாவைப் பற்றியா என்ன?

அவன் வாயை அடைக்க என்னிடம் ஒரு பதில் இருந்தது. எனக்குப் பன்னிரண்டு வயதில், அப்பா மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு அவன் வீட்டுக்கு ஓடியபோது நானும் கூடப் போனேன். கோவர்தன் அப்போது தொட்டிலில் கிடந்தான். அன்று அவன் அம்மா கிருஷ்ணம்மாளைப் பிழைக்க வைத்தது அப்பாதான். நடந்தது வெளியே தெரிந்தால் அந்த அம்மாள் தெருவில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. என்ன நடந்தது என்று உங்களுக்கும் சொல்லமாட்டேன். திரும்பும் வழியில் அப்பா சைக்கிளை நிறுத்தினார். "இங்க பாத்தத அம்மாகிட்டகூட சொல்லாதம்மா" என்றார்.

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரே சுவர். தறிச் சத்தம் நின்றால் நாங்கள் பேசுவதெல்லாம் அங்கே கேட்கும். அதனால் குடும்ப ஜெபத்தில்கூட அப்பா நோயாளியின் பெயரைச் சொல்லமாட்டார். "ஆண்டவரே, அந்த வீட்டை உமக்குத் தெரியும்" என்பதோடு முடித்துக்கொள்வார்.

மறுநாள் சாயங்காலம் என் பதிலை அடித்து முடித்தேன். பெயர், வருஷம், நடந்தது எல்லாவற்றையும் எழுதியிருந்தேன். படித்துப் பார்த்தேன், ஒரு பொய்கூட இல்லை. அனுப்புவதற்கு முன் கண்ணை மூடினேன். அவனுக்கு நன்றாக உறைக்கட்டும் என்று ஜெபிக்கத்தான் மூடினேன். ஆனால் வாயில் வந்தது அப்பாவின் வார்த்தை.

அழித்துவிட்டேன். நல்ல மனதோடு அல்ல, பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக.

கோவர்தன் பத்து நாள் கொண்டாடினான். "பதில் இல்லயா? அப்ப உண்மதான்" என்று எழுதினான். அதற்கு நாற்பது பேர் சிரித்திருந்தார்கள். அதில் என்னோடு படித்த ஒருத்தியும் இருந்தாள்.

பிறகு ஒரு சனிக்கிழமை, காய்கறிக் கடையில் கிருஷ்ணம்மாள் என் கையைப் பிடித்தார். முகம் வெளுத்திருந்தது.

"எம்புள்ள கம்ப்யூட்டர்ல உங்கப்பாவப் பத்தி ஏதோ எழுதிக்கினு இருக்கானாமே. நீ எதனா பதில் எழுதிட்டியாம்மா?"

"இல்லக்கா."

"மெய்யாலுமா?"

"மெய்யாலுமேதான். ஒண்ணும் எழுதல."

அப்போதுதான் அவர் பிடி தளர்ந்தது. எனக்கோ ஆத்திரம் தாங்கவில்லை. "எங்கப்பா எப்படிப்பட்டவர்னு உங்களுக்குத் தெரியாதா? நீங்களாவது அவன்கிட்ட சொல்லக் கூடாதா?" என்று கேட்டுவிட்டேன்.

"சொன்னா, உனக்கு எப்படித் தெரியும்னு கேப்பானேம்மா" என்று சொல்லி அங்கேயே அழுதார்.

அன்று குடும்ப ஜெபத்தில் முழங்கால் போட்டபோதும் என் கோபம் தணியவில்லை. "ஆண்டவரே, அந்த வீட்டை உமக்குத் தெரியும்" என்றேன். கையோடு, "அந்தப் பயலையும் உமக்குத் தெரியும், நீரே பார்த்துக்கொள்ளும்" என்றும் சேர்த்துக்கொண்டேன். அப்பாவாக இருந்தால் முதல் வரியோடு நிறுத்தியிருப்பார்.