திரையில் நகர்ந்த புள்ளி

பசிரி கொண்டுவந்த பழைய மடிக்கணினியின் திரையில் இருந்த கரும்புள்ளி, நாளுக்கு ஒரு விரற்கடை மேற்கே, இடப்பக்கமாக, நகர்ந்துகொண்டிருந்தது. எள்ளளவுதான் இருக்கும். பேசோ தீவின் துறைமுகத் தெருவில் கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருந்த தெபோரா, திரையில் ஒளி செத்த புள்ளி நகரவே நகராது என்று முதலில் சாதித்தாள். பசிரி திரைமேல் பென்சிலால் தினமும் போட்டுவைத்திருந்த பதினொரு கோடுகளைப் பார்த்தபின் கணினியைத் தன் மேசைக்கு இழுத்தாள். பசிரியின் கணவன் தபேரா சூரை மீன் பிடிக்கப் போய்ப் பதினொரு நாள். புள்ளி தோன்றியதும் அன்றுதான். தேடப் போன படகு கிழக்கே அலைந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பியிருந்தது. அவன் கொண்டுபோன தண்ணீரோ நாலு நாளுக்குத்தான் காணும்.

தெபோரா முறைப்படியே பார்த்தாள். கணினியைத் தொலைக்காட்சியோடு இணைத்தாள். அங்கே படம் பளிச்சென்று வந்தது, புள்ளி இல்லை. ஆக, உள்ளே எல்லாம் சரி, கோளாறு திரையில்தான். மூடியைச் சற்றே சாய்த்தாள், படம் துடித்தது. கீலுக்குள் ஓடும் ஒயர் நைந்திருந்தது. அது போதாதென்று இடது ஓரத்திலிருந்து, மை கொட்டியதுபோல ஒரு கறை புள்ளியை நோக்கி ஊர்ந்துவந்தது. சாயங்காலத்துக்குள் தொட்டுவிடும்.

"வேற திரை இருக்கு. அரை மணியில மாத்திடலாம்," என்றாள் தெபோரா.

"மாத்திட்டா அவரு எங்க போவாரு? புபுசி கேக்குறேன் அக்கா. இந்தத் திரையிலயே அவரைக் கரை சேத்துக் குடு."

புபுசி என்று கேட்டுவிட்டால் அந்தத் தீவுகளில் மறுக்க முடியாது. படகானாலும் பன்றியானாலும் கொடுத்தே தீர வேண்டும். மறுத்தவள் ஊரில் தலைகாட்ட முடியாது.

"நல்லா என் தலையில கல்லைத் தூக்கிப் போட்ட, போ. மூடியைப் புடி. ஆட்டாத."

நைந்த ஒயருக்கு நாடா சுற்றியதும் துடிப்பு நின்றது. செத்த புள்ளியைத் துணி சுற்றிய கட்டைவிரலால் தேய்த்து அழிப்பதுதான் அவள் வழக்கம். இப்போது தேய்க்கவில்லை, புள்ளிக்கு இடப்பக்கம் விரலை வைத்து, வீடு எங்கே என்று கேட்டாள். பசிரி வலது கோடியில் மணி காட்டும் இடத்தைத் தொட்டாள். அழுத்தினால் கறை பாய்ந்தது. விட்டால் புள்ளி அசையவில்லை. இரண்டு மணி நேரம் தள்ளினாள். கறை விரலை ஒட்டியே வந்தது. புள்ளி கோடியைத் தொட்டதும் திரை மொத்தமாகக் கறுத்தது.

"போச்சாக்கா?"

"தெரியல."

பசிரி மூடியை விடவில்லை, பிடித்தபடியே நின்றாள்.

நாலு மணிக்குத் தபேராவின் படகு கடைக்குப் பின்னால் பவளப்பாறையில் வந்து முட்டியது. உதடு வெடித்து வந்தவன் இரண்டு இளநீர் குடித்தபின்தான் பேசினான். "யாரோ முதுகுல கட்டைவிரலை வச்சு நெட்டித் தள்ளுனாங்க. கொஞ்சம் மெதுவாத் தள்ளக் கூடாதா? விலாவெல்லாம் நோவுது."

மறுநாள் தெபோரா புதுத் திரையை மாட்டிக் கொடுத்தாள். ஊரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை. அன்றிலிருந்து, திரையில் புள்ளி என்று யார் வந்தாலும், வீட்டில் எவரேனும் கடலில் இருக்கிறார்களா என்றுதான் அவள் முதலில் கேட்கிறாள். அதற்கு முந்தைய ஒன்பது வருடங்களில் தான் தேய்த்து அழித்த புள்ளிகள் எத்தனை என்று அவளுக்குத் தெரியும், யாரிடமும் சொன்னதில்லை.