கறுப்புக்கு நடுவே விட்ட வெள்ளை

டோரிஸ் டீச்சருக்கு ஒரு பழக்கம் இருந்தது. பிள்ளைகள் செய்து கொடுத்த எதையும் அவளால் அப்படியே வெளியே அனுப்ப முடியாது. கோணல் கோட்டைக் கண்டால் கை துறுதுறுவென்று வரும். ஜொகூரில் பெர்மாஸ் ஜெயாவை ஒட்டிய ஒரு தமிழ்ப்பள்ளியில் இருபத்திரண்டு வருஷமாக அறிவியல் சொல்லிக்கொடுக்கிறாள். பள்ளி வாசலில் கண்ணாடி அலமாரிக்குள் நிற்கும் பரிசுகளில் பாதி அவள் கைபட்டு வந்தவை. கைபட்டு என்றால் நிஜமாகவே கைபட்டு.

இதற்கு ஆசிரியர் அறையில் 'டச்-அப்' என்று பெயர். பிள்ளை வரைந்த படத்தின் மேல் டீச்சர் ஒரு கோடு இழுப்பார். அப்புறம் இன்னொரு கோடு. சாயங்காலத்துக்குள் பிள்ளையின் பெயர் மட்டும் பிள்ளையுடையதாக இருக்கும். மாவட்டத்தில் எல்லாப் பள்ளியிலும் இதுதான் நடக்கிறது, நாம் மட்டும் யோக்கியமாக இருந்து என்ன கண்டோம் என்பது டோரிஸின் கட்சி. அந்தக் கட்சிக்கு ஆசிரியர் அறையில் எதிர்க்கட்சியே கிடையாது. அவளுடைய மேசை இழுப்பறையில் எப்போதும் ஒரு பெட்டி அக்ரிலிக் பெயிண்டும் மூன்று பிரஷ்ஷும் தயாராக இருக்கும்.

போன வருஷம் ஆழ்கடல் திட்டம் ஒன்று பள்ளிக்கு வந்தது. கடலாராய்ச்சி செய்யும் ஒரு கப்பலோடு பள்ளிப் பிள்ளைகளைச் சேர்த்துவிடும் திட்டம். பிள்ளைகள் செய்யவேண்டியது சின்ன வேலைதான். கோப்பி குடிக்கிற வெள்ளை நுரைக் கப் இருக்கிறதே, அதன்மேல் ஆழ்கடலைப் பற்றி ஏதாவது வரைந்து கொடுக்க வேண்டும். கப்பல்காரர்கள் அந்தக் கப்புகளை வலைப்பையில் போட்டு, தங்கள் கருவிகளோடு கட்டி, நாலாயிரம் மீட்டர் ஆழத்துக்கு இறக்குவார்கள். தண்ணீரின் அழுத்தம் நுரைக்குள் இருக்கும் காற்றையெல்லாம் பிழிந்துவிடும். மேலே வரும்போது கப் கோழிமுட்டையைவிடச் சின்னதாகச் சுருங்கியிருக்கும். வரைந்த படமும் ஒரு கோடு விடாமல் அதோடு சேர்ந்து சுருங்கியிருக்கும். அறிவியலும் ஆச்சு, ஓவியமும் ஆச்சு.

திட்டத்தை நடத்திய அமண்டா என்ற இளம்பெண் பள்ளிக்கே வந்து விளக்கினாள். "மார்க்கர் பேனா மட்டும்தான். பெயிண்ட் வேணாம். பெயிண்ட் சுருங்காது, உரிஞ்சு வந்துரும்," என்று இரண்டு தடவை சொன்னாள். டோரிஸும் அதைக் கரும்பலகையில் பெரிய எழுத்தில் எழுதிப்போட்டாள்.

ஐந்தாம் ஆண்டு வகுப்பில் இருபத்து நான்கு பிள்ளைகள். ஆளுக்கொரு கப். திமிங்கிலம், எட்டுக்கால் கொண்ட பேய்க்கணவாய், நீர்மூழ்கி, இடுப்பில் கைவைத்த கடல்கன்னி என்று அமர்க்களப்படுத்தினார்கள். லோஷினி மட்டும் கறுப்பு மார்க்கரை எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தாள். அதிகம் பேசாத பிள்ளை. பேசினால் கேள்வியாகத்தான் பேசுவாள். "டீச்சர், அவ்ளோ ஆழத்துல சூரிய வெளிச்சமே இல்லன்னா மீனுக்குக் கண்ணு எதுக்கு?" என்று கேட்டு ஒரு பாடவேளையையே விழுங்கியவள். அவளை டோரிஸுக்குப் பிடிக்கும். அதைச் சொல்லாமல் விட்டால் கதையே தப்பாகிவிடும்.

நான்கு நாள் கழித்து லோஷினி கொடுத்த கப்பில் கறுப்பைத் தவிர எதுவுமில்லை. மேலிருந்து கீழ்வரை கறுப்பு. அங்கங்கே மிளகளவில் வெள்ளைத் திட்டுகள். மீன் இல்லை, கப்பல் இல்லை, பாசி கூட இல்லை.

மறுநாள் மாவட்டக் கல்வி இலாகாவிலிருந்து அதிகாரி வருகிறார், கப்புகளை வரிசையாக வைத்துப் படம் எடுக்கப் போகிறார்கள். பள்ளி விட்டபிறகு டோரிஸ் ஆசிரியர் அறையில் தனியாக உட்கார்ந்து அந்தக் கப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பாவம், நேரம் போதவில்லை போலிருக்கிறது, அவசரத்தில் இடைவெளி விட்டுவிட்டாள் என்று நினைத்தாள். கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். லோஷினி அப்போது பேருந்துக்காகக் கீழே வாசலில்தான் நின்றுகொண்டிருந்தாள். கேட்கவில்லை. இழுப்பறையைத் திறந்தாள். கறுப்பு மார்க்கர் தீர்ந்துபோயிருந்தது. அதனால் என்ன, பெயிண்ட் இருக்கிறதே. கொஞ்சூண்டு அடித்தால் ஒன்றும் ஆகாது என்று, கரும்பலகையில் எழுதிய அதே கையால், வெள்ளைத் திட்டுகளையெல்லாம் அடைத்தாள். அடைத்தபின் வெறிச்சென்று தெரிந்தது. நெற்றியில் விளக்கைத் தொங்கவிட்ட தூண்டில்மீன் ஒன்றை மஞ்சளில் வரைந்தாள். பல்லெல்லாம் வைத்தாள். நன்றாகத்தான் இருந்தது.

அதிகாரி அந்தக் கப்பைத்தான் கையில் எடுத்துப் பாராட்டினார். லோஷினி அப்போது பின்வரிசையில் நின்றிருந்தாள். அன்று மத்தியானமே கப்புகளைப் பெட்டியில் போட்டு ஒட்டிக் கப்பலுக்கு அனுப்பியாகிவிட்டது.

இரண்டு நாள் கழித்து டோரிஸ் பயிற்சிப் புத்தகங்களைத் திருத்தினாள். 'என் கப்பைப் பற்றி ஐந்து வாக்கியம்' என்று அவளே கொடுத்த பாடம். லோஷினி குண்டு குண்டான எழுத்தில் எழுதியிருந்தாள்.

"நான் இருட்டை மட்டும் வரைந்தேன். விளக்குகளை வரையவில்லை. கப்பின் வெள்ளையை அப்படியே விட்டேன், அதுதான் ஒளிவிடும் உயிரினங்கள். மொத்தம் முப்பத்தொன்று. கப் சுருங்கினால் புள்ளிகளும் சின்னதாகி ரொம்ப தூரத்தில் இருப்பதுபோல் தெரியும்."

டோரிஸ் சிவப்புப் பேனாவை வைத்துவிட்டு அதை இன்னொரு தடவை படித்தாள். பதினோரு வயசுப் பிள்ளை, சுருங்கியபின் எப்படித் தெரியும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு வெள்ளையை விட்டிருக்கிறாள். இருபத்துமூன்று பேருக்குத் தோன்றாதது அது. டோரிஸுக்கும் தோன்றவில்லை. முப்பத்தொரு விளக்கையும் அவள் ஒவ்வொன்றாக அணைத்திருந்தாள். புத்தகத்தில் 'மிக நன்று' என்று எழுதி ஒரு நட்சத்திரம் போட்டாள். வேறென்ன செய்வது, பெட்டி போய்விட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிள்ளையைக் கூப்பிட்டுப் பேச அந்த வாரம் முழுக்க ஏதாவது ஒரு வேலை குறுக்கே வந்துகொண்டே இருந்தது. வேலைக்கா பஞ்சம்?

மூன்று மாதத்தில் கப்புகள் திரும்பின. பள்ளி மண்டபத்தில் கூட்டம். அமண்டா ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தாள். பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். திமிங்கிலம் கட்டைவிரல் நகத்துக்குள் அடங்கியிருந்தது. கடல்கன்னியின் இடுப்பிலிருந்த கை அப்படியே இருந்தது. கடைசியாக வந்தது ஒரு சொறிபிடித்த உருண்டை. மேற்புறம் வெடித்து, சுருங்க மறுத்த பெயிண்ட் மடிப்பு மடிப்பாக விலகி நின்றது. மஞ்சள் மீன் பாதி உரிந்து, பல் மட்டும் மிச்சமிருந்தது. உரிந்தபோது அடியிலிருந்த மார்க்கரையும் பிய்த்துக்கொண்டு போயிருந்தது.

"அலமாக், இது என்ன லா?" என்றார் தலைமையாசிரியர் மகேஸ்வரன்.

அமண்டா அதைத் திருப்பிப் பார்த்தாள். "இதுக்குப் பெயிண்ட் அடிச்சிருக்காங்க சார். யாரோட கப்பு?"

அடியில் பெயர் இருந்தது. லோஷினி எழுந்து நின்றாள். மகேஸ்வரன் மைக்கை வாயருகே வைத்துக்கொண்டே கேட்டார்.

"பெயிண்ட் அடிக்கக்கூடாதுன்னு டீச்சர் சொன்னாங்களா இல்லையா?"

"சொன்னாங்க சார்."

"அப்புறம்? யார் அடிச்சது?"

லோஷினி மேசையிலிருந்த உருண்டையைப் பார்த்தாள். பிறகு தலையைத் திருப்பி டோரிஸின் முகத்தைப் பார்த்தாள்.

"நான்தான் சார் அடிச்சேன். சோரி டீச்சர்."

இப்போது சொல்லவேண்டும் என்று டோரிஸுக்குத் தெரிந்தது. வாயைத் திறந்தாள். நானூறு பிள்ளைகள், பதினெட்டு ஆசிரியர்கள், வெளியாள் ஒருத்தி, கண்ணாடி அலமாரி. திறந்த வாயிலிருந்து வேறு வார்த்தை வந்தது.

"பரவால்ல மா. அடுத்த வாட்டி கவனமா செய், என்ன?"

லோஷினி தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள். தன் தப்புக்குத் தானே ஒரு குழந்தையை மன்னித்தவள் இந்த ஜொகூரிலேயே டோரிஸ் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. அந்த ஆராய்ச்சிக் கப்பல் அடுத்த வாரம் பாசிர் கூடாங் துறைமுகத்துக்கு வருவதாகவும், பள்ளிக்கு இரண்டு பிள்ளைகள் ஏறிப் பார்க்கலாம் என்றும் அமண்டா அறிவித்தாள். நாலாயிரம் மீட்டர் இறங்கிய அதே கருவியைத் தொட்டுப் பார்க்கலாம். டோரிஸ் எழுதி வைத்திருந்த பட்டியலில் முதல் பெயர் லோஷினி. மகேஸ்வரன் பேனாவை எடுத்து அதை அடித்தார்.

"சொல்பேச்சு கேக்காத பிள்ளைய அனுப்பினா மத்த பிள்ளைங்க என்ன நினைக்கும் டீச்சர்? பிரவீனாவப் போடுங்க."

"நல்லா கேள்வி கேக்கற பிள்ள சார்."

"கேள்வி கேட்டா போதுமா? வெள்ளிக்கிழமைக்குள்ள பேர் அனுப்பணும்."

வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள் இருந்தது. அந்த இரண்டு நாளும் டோரிஸ் தலைமையாசிரியர் அறையைக் கடந்து போனாள், வந்தாள். ஒருமுறை கதவைத் தட்டியும்விட்டாள். உள்ளே போய், ஆய்வுக்கூடத்துக் குழாய் ஒழுகுகிறது என்று சொல்லிவிட்டு வந்தாள். குழாய் ஒழுகியது உண்மைதான்.

கப்பலுக்குப் பிரவீனாவும் இன்னொரு பிள்ளையும் போனார்கள். கூட்டிப் போனது டோரிஸ். கப்பலில் இருந்தவர் ஏதாவது கேள்வி இருக்கிறதா என்று கேட்டார். பிரவீனா, கழிப்பறை எங்கே என்று கேட்டாள்.

தவக்காலத்தில் டோரிஸ் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். மற்றதையெல்லாம் சொல்லிவிட்டு இதையும் சொன்னாள். சுலபமாகத்தான் வந்தது. மரத்தடுப்புக்கு அந்தப்பக்கம் இருந்தவர் லோஷினி இல்லையே. சாமியார் அதோடு விடவில்லை.

"கடவுள்கிட்ட சொல்லிட்டீங்க, நல்லது. பிள்ளைகிட்ட சொன்னீங்களா?"

"இல்ல ஃபாதர்."

"போய்ச் சொல்லுங்க."

சொல்லப் போனபோது பிள்ளை இல்லை. அப்பாவுக்கு ரெங்கம் என்ற ஊரில் செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை கிடைத்து, அந்த வாரம்தான் குடும்பமே மாற்றலாகிப் போயிருந்தது. அதன்பிறகும் டோரிஸ் மூன்று மாதம் கடத்தினாள். அந்த மூன்று மாதமும் ஒரு நினைப்பைப் பிடித்துக்கொண்டு காலம் தள்ளினாள். பிள்ளைக்கு நம்மேல் எவ்வளவு பாசம், நம்மைக் காப்பாற்றத்தானே பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். இதை நினைக்கும்போது கண் கலங்கும். கலங்குவது கொஞ்சம் இதமாகவும் இருக்கும். அந்த இதத்துக்காகவே அவள் அடிக்கடி நினைத்தாள்.

பள்ளி விடுமுறையில் ஒருநாள் காலை காரை எடுத்துக்கொண்டு ரெங்கத்துக்குப் போனாள். ஆலைக் குடியிருப்பில் வரிசை வீடு. லோஷினியின் அம்மா கஸ்தூரி கேட்டைத் திறந்து பதறிப்போனாள்.

"ஐயோ டீச்சர், வாங்க வாங்க! சொல்லிட்டு வந்திருந்தா சமைச்சு வச்சிருப்பேன்ல."

லோஷினி வளர்ந்திருந்தாள். வணக்கம் சொல்லிவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். புதுப் பள்ளியில் எல்லாம் நல்லபடி என்றாள். அறிவியல் மன்றத்தில் சேர்ந்தாயா என்று கேட்டதற்கு, "இல்ல டீச்சர், நெட்போல் விளையாடறேன்," என்றாள். கஸ்தூரி தேநீர் போடப் போகும்வரை டோரிஸ் வானிலையைப் பற்றிப் பேசினாள். கஸ்தூரி உள்ளே போனதும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"லோஷினி, அந்தக் கப்புக்குப் பெயிண்ட் அடிச்சது டீச்சர்தான்."

"தெரியும் டீச்சர். அதிகாரி வந்த அன்னிக்கே பாத்தேன். என் கப்புல மீனு இருந்துச்சு."

"தெரிஞ்சும் என்னக் காப்பாத்தறதுக்காக நீ பழிய ஏத்துக்கிட்ட. அத நான் மறக்கவே மாட்டேன் மா."

லோஷினி புரியாமல் பார்த்தாள். அவளுக்கு நிஜமாகவே ஆச்சரியமாக இருந்தது.

"காப்பாத்தவா? இல்ல டீச்சர். நீங்கதான்னு நான் எப்படி எல்லார் முன்னாடியும் சொல்றது? அதான் நான்தான்னு சொன்னேன். நான் பொய் சொல்றேன்னு உங்களுக்குத் தெரியும்ல? அப்படிச் சொன்னா நீங்க உடனே 'இல்ல, நான்தான்'னு சொல்லிருவீங்கன்னு நினைச்சேன்."

டோரிஸ் கஸ்தூரி போன பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

"நீங்க பரவால்லன்னு சொன்னீங்க," என்றாள் லோஷினி. குரலில் கோபம் இல்லை. நடந்ததைச் சொல்கிற குரல்.

மூன்று மாதமாக டோரிஸ் அழுது ருசித்த பாசம் அங்கே இருந்திருக்கவே இல்லை. இருந்தது நம்பிக்கை. நானூறு பேர் நடுவில், டீச்சர் உண்மையைச் சொல்லிவிடுவார் என்று ஒரு பிள்ளை பந்தயம் கட்டியிருக்கிறாள், அவ்வளவு உறுதியாக.

கஸ்தூரி தட்டோடு வந்தாள். இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்ன டீச்சர், அம்மாவும் பொண்ணும் மாதிரி ரகசியம் பேசிக்கிட்டு இருக்கீங்க?"

டோரிஸ் நிமிர்ந்து உட்கார்ந்தாள். எப்படித் தொடங்குவது என்று ஒரே ஒரு மூச்சுதான் யோசித்தாள்.

"சும்மா மா, ஸ்கூல் கதை," என்றாள் லோஷினி. இந்தமுறை டீச்சர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தேநீரை எடுத்து டோரிஸின் முன்னால் வைத்தாள். கூட்டாளிகள் காத்திருக்கிறார்கள், விளையாட்டுக்கு நேரமாச்சு என்று விடைபெற்று, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள்.

"கஸ்தூரி, கொஞ்சம் உட்காருங்க," என்றாள் டோரிஸ். இழுப்பறையைத் திறந்ததிலிருந்து தொடங்கி, பேனாவால் அடித்த பெயர்வரைக்கும், எதையும் மறைக்காமல் சொன்னாள். கஸ்தூரி சங்கடத்தோடு, "ஐயோ டீச்சர், இதுக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க?" என்றாள். டோரிஸ் வாசலைப் பார்த்தாள். லோஷினி சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் ரொம்ப நேரமாகியிருந்தது.