லீலா வீட்டு ரயில்வே கேட்

மைசூர் விஜயநகர் இரண்டாவது ஸ்டேஜில் லீலா கட்டிய பித்தளை ரயில் எஞ்சின் ஒரு முழ நீளம்தான் இருந்தது. நம்பர் பிளேட் ஒட்டிய அன்று அதற்கு நிஜ எஞ்சினின் எடை வந்துவிட்டது. சாப்பாட்டு மேஜை நடுவில் பிளந்து இரண்டு பக்கமும் சாய்ந்தது. எஞ்சின் தரையில் இறங்கி நிமிர்ந்து நின்றது. தரை மட்டும் தாங்கியது. அந்த மொசைக்கைப் போட்ட மேஸ்திரி தொட்டையன், ஐம்பது அறுபது டன் இறங்கியும் விரிசல் விடாத தரை மைசூரில் வேறு எங்கே இருக்கிறது, காட்டுங்கள் என்று இன்றுவரை பார்க்கிறவர்களிடம் எல்லாம் பீற்றிக்கொள்கிறார். அவர் பெருமை அவருக்கு.

லீலா முப்பது வருஷம் ஒரு கம்பெனியில் டெலிபோன் போர்டுகளுக்குச் சால்டரிங் செய்தவள். ஓய்வு பெற்ற பிறகும் அவள் கை சும்மா இருக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. பெங்களூரில் இருக்கும் மகள் மோகனப்ரியா, பித்தளை கிட் வாங்கி நீராவி எஞ்சின் கட்டுகிறவர்களின் வீடியோ ஒன்றை அனுப்பிவைத்தாள், வந்தது வினை. அந்தப் பெட்டியைத் திறந்தால் எஞ்சின் எதுவும் இருக்காது, அப்பளம்போலத் தட்டையான தகடுகள்தான் இருக்கும். அதிலிருந்து ஒவ்வொரு பாகமாக வெட்டி எடுத்து, ஓரத்தை அரம் போட்டு, மடித்து, பற்றவைத்துக்கொண்டே போக வேண்டும். ரிவெட் தலைகளைப் பின்பக்கமிருந்து மழுங்கிய ஊசியால் ஒவ்வொன்றாக அழுத்திப் புடைக்கவைக்க வேண்டும். ஒன்று தப்பினாலும் விழுந்த பல்மாதிரி பளிச்சென்று தெரியும். பாய்லர் தகட்டை அவள் சப்பாத்திக் கட்டையில் உருட்டி வளைத்தாள். பற்றவைக்கும் பசை உள்ளே துளி தங்கினாலும் சில மாதத்தில் பெயின்டைத் தூக்கிவிடும் என்று, ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் பூஜைப் பாத்திரம்போலப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவினாள். அந்த வீட்டில் ரசத்துக்குப் புளி இல்லாமல் போன நாட்கள் உண்டு. கணவர் குப்புசாமி அதற்கெல்லாம் முகம் சுளிக்கிறவர் இல்லை.

குப்புசாமி ஹனூர்ப் பக்கத்துக்காரர், பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ரயில்வே கேட் திறந்தே இருந்தாலும் பஸ்ஸை நிறுத்தி, கீழே இறங்கி, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் தாண்டுவார். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்துக் காதைக் கிழித்தாலும் அசையமாட்டார். பிள்ளைகளைப் பெற்றவர்கள் அதற்காகவே அவரைக் கும்பிட்டார்கள். வேலையில் கவனம் என்றுதான் லீலாவும் நினைத்திருந்தாள். தம்பி ஒருவன் இருந்தான், சின்ன வயதிலேயே போய்விட்டான் என்று கல்யாணமான புதிதில் ஒருமுறை சொன்னார். அதற்கு மேல் சொல்லவில்லை, அவளும் கிளறவில்லை. லீலா கட்டிய முதல் இரண்டு எஞ்சின்களும் வெளிநாட்டு மாடல்கள், ஷோகேஸில் சமர்த்தாக நின்றன. குப்புசாமி அந்தக் கண்ணாடியைத் துடைப்பார், உள்ளே பார்க்கமாட்டார். மூன்றாவதுதான் இது. நஞ்சன்கூடு பாதையில் ஒரு காலத்தில் ஓடிய மீட்டர்கேஜ் எஞ்சின்.

பெயின்ட் காய்ந்த பிறகு கடைசியாக வைப்பது நம்பர் பிளேட். கிட்டில் நாலு நம்பர்கள் கொடுத்திருப்பார்கள். இந்த வேலையில் ஊறினவர்கள் முதலில் நம்பரைத்தான் முடிவு செய்வார்கள். அந்த நம்பர் எஞ்சின் எந்த ஷெட்டில் இருந்தது, எந்தப் பாதையில் ஓடியது, அதற்கு என்னென்ன நடந்தது என்று துருவிப் பார்த்துவிட்டுத்தான் தகட்டில் கை வைப்பார்கள். நம்பர் இல்லாதவரை அது எந்த எஞ்சினும் இல்லை, நம்பர் வைத்துவிட்டால் அது அந்த எஞ்சினேதான் என்பது அவர்கள் கணக்கு. லீலா அந்த வம்புக்கே போகவில்லை. ஸ்கூட்டிக்கு நம்பர் வாங்கியபோது செய்ததுபோல நாலையும் கூட்டிப் பார்த்தாள். 2907 கூட்டினால் பதினெட்டு, அதையும் கூட்டினால் ஒன்பது. நல்ல ராசி. ஒரு சொட்டு வார்னிஷ் வைத்து ஒட்டினாள். அடுத்த நிமிஷம் மேஜை போயிற்று.

கொஞ்ச நேரத்தில் அந்த வீட்டின்மேல் கரி விழ ஆரம்பித்தது. வானம் தெளிவாக இருந்தது. பக்கத்து வீட்டுக் கமலம்மாளின் கொடியில் காய்ந்த வெள்ளைத் துணிகளில் ஒரு பொட்டுக்கூடப் படவில்லை. காம்பவுண்டுச் சுவருக்கு இந்தப் பக்கம் லீலாவின் புடவைகள் மட்டும் கறுத்தன. மண்டி மொஹல்லாவில் காப்பிப் பொடி வாங்கப் போயிருந்த குப்புசாமி அப்போதுதான் உள்ளே வந்தார். பிளந்த மேஜையை அவர் பார்க்கவே இல்லை. நம்பரைப் பார்த்தார். காப்பிப் பொடி கையிலிருந்து நழுவிக் கொட்டியது. விளக்கு வைக்கும் நேரம். எஞ்சின் தானாகப் புறப்பட்டது. டிவி ஸ்டாண்ட் பக்கமிருந்து பின்வாசலை நோக்கி, மொசைக்கில் இரண்டு கோடு பதித்துக்கொண்டு கூடத்தைக் கடந்தது. சமையலறைக்குள்ளிருந்து ஒரு குழந்தை வெறுங்காலோடு ஓடிவரும் சத்தம் கேட்டது. எஞ்சின் நீளமாக ஊதியது. கோட்டருகே வந்த காலடிச் சத்தம் அங்கேயே நின்றுபோயிற்று. கூடத்தில் குழந்தை யாரும் இல்லை.

குப்புசாமி பின்பக்கத்துத் துணி துவைக்கும் கல்லில் போய் உட்கார்ந்தார். லீலா பக்கத்தில் நின்றாள். அவராகவே சொன்னார். அப்பா கரும்பு வெட்டும் வேலைக்கு நஞ்சன்கூடு பக்கம் வந்திருந்த வருஷம். அம்மா மாதம்மா கொடுத்தனுப்பிய சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு அண்ணனும் தம்பியும் தோட்டத்துக்குப் போனார்கள். குப்புசாமிக்குப் பதினொரு வயது, தம்பி மல்லப்பனுக்கு ஆறு. வழியில் தண்டவாளம். அங்கே கேட்டும் கிடையாது, காவலுக்கு ஆளும் கிடையாது.

"நானு தாண்டி அந்தப் பக்கம் போயிட்டேன். அவன் இந்தப் பக்கம் நிக்கறான். வண்டி வருது. நில்லுடான்னு கையத் தூக்குனேன். நான் கூப்பிடறேன்னு நெனச்சுட்டு ஓடியாந்துட்டான், லீலா."

தாண்டிப்போய் நின்ற எஞ்சினில் கண்ணுக்கு நேரே இருந்தது அந்த நாலு இலக்கம்தான் என்றார். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் இது தெரியாமல் போயிற்றே என்று ஒரு பக்கம், தன் கையாலேயே அதைக் கட்டிக் கொண்டுவந்து நடுக்கூடத்தில் வைத்துவிட்டோமே என்று ஒரு பக்கம். லீலா அழுதாள். அவர் அழவில்லை, அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் காலை எஞ்சின் பழையபடி டிவி ஸ்டாண்ட் பக்கத்தில் நின்றது. அது திரும்பி வருவதை இன்றுவரை யாரும் பார்த்ததில்லை. சாயங்காலம் மறுபடியும் அதே ஓட்டம், அதே காலடி, அதே ஊதல். தினமும் அதுவே. ஒரு சொட்டு வார்னிஷில் நிற்கிற தகடு பிளேடுக்கும் அசையவில்லை, திருப்புளிக்கும் அசையவில்லை. மேலே வேறு நம்பர் ஒட்டினால் காலையில் அது தரையில் கிடந்தது. யாரிடமாவது கொடுத்துவிடு என்று மோகனப்ரியா போனில் சொன்னாள். கொடுக்கலாம், தூக்குகிறது யார்? குப்புசாமி பொழுது சாய்வதற்கு முன்பே வெளியே கிளம்பிப் பார்த்தார். பார்க்கில் உட்கார்ந்தாலும் பஸ் ஸ்டாண்டில் நின்றாலும் அந்த ஊதல் காதில் விழுந்தது, அவருக்கு மட்டும். எங்கே இருந்தாலும் கேட்கும் என்றால் வீட்டிலேயே கேட்டுத் தொலைக்கிறேன் என்று திரும்பிவிட்டார். சோறு இறங்கவில்லை. சட்டை தோளில் தொங்கியது. ஆள் கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தார், லீலா கையைப் பிசைந்துகொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு வாரம் போனதும் அவர் பெட்டியை எடுத்து வைத்தார். இன்னும் மூன்று நாளில் கோபிநத்தத்தில் அக்கா நாச்சம்மாள் வீட்டுக்குப் போகிறேன் என்றார். எப்போது வருவீர்கள் என்று லீலா கேட்டாள். அவர் பெட்டியின் பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். வரமாட்டார் என்று அவளுக்குப் புரிந்தது. அங்கே போனாலும் அந்தச் சத்தம் கேட்கும், அங்கே சோற்றைத் தட்டில் தள்ளிவிட்டு உட்காரவைக்க அவள் இருக்கமாட்டாள். மிச்சமிருந்த தகட்டுச் சட்டங்களை எடுத்துக்கொண்டு லீலா உட்கார்ந்தாள். பாகங்களை வெட்டிய பிறகு சுற்றிலும் மிஞ்சுகிற ஓரத் துண்டுகள் அவை. கிட் கட்டுகிறவர்கள் யாரும் அதைத் தூக்கிப் போடமாட்டார்கள். அதில் ஒரு ரயில்வே கேட் செய்தாள். இரண்டு தூண், ஏறி இறங்கும் ஒரு குறுக்குக் கம்பி, அதற்குச் சிவப்பும் வெள்ளையும் பட்டை. சமையலறை வாசலுக்கு நேரே, தரையில் பதிந்த கோட்டின்மேல் வைத்தாள். அன்றைக்கு அங்கே கேட் இல்லாததால்தானே என்பது அவள் எண்ணம். எஞ்சின் வந்து அதைத் தகடாக்கிவிட்டுப் போயிற்று. மறுநாள் கனமாகச் செய்தாள். அதையும் நசுக்கியது. மூன்றாவதும் போயிற்று.

நாலாவது கேட்டைப் பற்றவைக்கும்போது அவள் விரலெல்லாம் கொப்புளம். கண்ணீர் சூட்டுக் கம்பியில் விழுந்து பொரிந்தது. குப்புசாமி பெட்டியோடு வாசல்வரை போனவர் திரும்பிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். பஸ்ஸைத் தவறவிட்டார்.

"கேட்டு மட்டும் வெச்சா நிக்காது லீலா. ஆளு நிக்கோணும்," என்றார்.

பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, கொடியில் கிடந்த சிவப்புத் துண்டை எடுத்துக்கொண்டு கோட்டின் நடுவில் போய் நின்றார். லீலாவுக்கு உயிரே போய்விட்டது. அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏங்க, பார்க்கத்தான் அது சின்னது. நிஜ எடைங்க அது."

"தெரியும். விடு," என்றார்.

எஞ்சின் புறப்பட்டது. சமையலறையிலிருந்து அந்த வெறுங்கால்கள் ஓடிவரத் தொடங்கின. குப்புசாமி அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஐம்பது வருஷத்துக்கு முன் தம்பியைப் பார்த்துத் தூக்கிய கையை இப்போது எஞ்சினைப் பார்த்துத் தூக்கினார். எஞ்சின் ஊதியது. அவர் நகரவில்லை. பித்தளைச் சக்கரங்கள் பூட்டிக்கொண்டன, மொசைக்கில் தீப்பொறி பறந்தது, வீடே ஒருமுறை குலுங்கி ஜன்னல் கண்ணாடி இரண்டு உடைந்தது. அவர் கால் கட்டை விரலுக்கு முன்னால் எஞ்சின் நின்றது. சூட்டில் அவருடைய கெண்டைக்கால் முடி கருகியது. அவர் முதுகுக்குப் பின்னால் அந்தக் காலடிகள் கோட்டைத் தாண்டின. கூடத்தைத் தாண்டின. வாசல் திரை விலகியது, படியில் இறங்கும் சத்தம் கேட்டது, பிறகு தெருவில் கலந்தது. குப்புசாமி தூக்கிய கையை இறக்கவே இல்லை. லீலாதான் போய் அதைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கினாள். அப்போதுதான் அவர் அழுதார், ஆறு வயதுப் பிள்ளைக்காக எப்படி அழ வேண்டுமோ அப்படி. பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார். எஞ்சின் சின்னதாக ஒரு குரல் கொடுத்துவிட்டுப் போயிற்று.

அதிலிருந்து தினமும் இந்த வேலைதான். விளக்கு வைத்ததும் லீலா நாலாவது கேட்டை இறக்குவாள், குப்புசாமி துண்டோடு நிற்பார், எஞ்சின் நிற்கும், காலடிகள் தாண்டும், லீலா கேட்டை ஏற்றுவாள். அவர் கோபிநத்தம் போகவில்லை, சோறு தின்ன ஆரம்பித்தார். இரண்டு பேருமாகச் சாயங்காலக் கல்யாண ரிசப்ஷனுக்குப் போய் வருஷங்கள் ஆகின்றன. கரி இன்னும் விழுகிறது. லீலா கறுப்புப் புடவையாகப் பார்த்து வாங்கப் பழகிவிட்டாள். சர்க்கரை கேட்டு வரும் கமலம்மாள், கேட் இறங்கியிருந்தால் இந்தப் பக்கமே நின்று சீரியல் கதையைச் சொல்லிக்கொண்டிருப்பாள். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரும் அப்படியே நிற்பார். யாரும் அதைத் தாண்டிக் கால் வைப்பதில்லை. ஊரில் மற்ற கேட்டுகளில் அந்த ஒழுங்கு இல்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

காலடிகள்தான் மாறிக்கொண்டே வந்தன. முதல் தீபாவளிக்குப் பிறகு வெறுங்கால் போய்ச் செருப்புச் சத்தம் கேட்டது. அடுத்த வருஷம் யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தாண்டினார்கள், சங்கிலியில் எண்ணெய் இல்லை. அதற்கடுத்த வருஷம் நடை நிதானமாகி, கனமாகி, குடும்பஸ்தன் நடை ஆயிற்று. ஒரு மழைக்காலம் முழுக்கக் கூடவே கொலுசுச் சத்தமும் ஒரு சின்னப் பிள்ளையின் தத்தல் நடையும் கேட்டது. குப்புசாமி அந்த நாட்களில் புதுச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார். திரும்பி மட்டும் அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. கேட்டில் நிற்கிறவன் வண்டியைத்தான் பார்க்க வேண்டும் என்பார்.

போன மாதம் காலடிகள் கோட்டருகே வந்து தயங்கின. ஒன்று அழுத்தமாக விழுந்தது, மற்றது இழுத்துக்கொண்டு வந்தது. குப்புசாமி கையைத் தூக்கியபடியே காதுகொடுத்துக் கேட்டார்.

"இவனுக்கும் முட்டி நோவு வந்துருச்சாட்ட இருக்குதே," என்றார்.

மறுநாள் லீலா சமையலறை வாசலில், கேட்டுக்கு உள்பக்கம், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டாள். சாயங்காலம் எஞ்சின் வந்து நின்றது. காலடிகள் மெல்ல வந்தன. நாற்காலி கிறீச்சென்றது. குப்புசாமி திரும்பிப் பார்க்காமல், அவன் எழுந்திருக்கிறவரை கொஞ்சம் பொறு என்று எஞ்சினைப் பார்த்துக் கையைக் காட்டினார். எஞ்சின் ஆவி விட்டுக்கொண்டு நின்றது. லீலா மூன்று தம்ளரில் காப்பி கலக்கப் போனாள்.