மீதி நாற்பத்தொன்பது விநாடி

தையற்காரம்மாவின் மகனுக்குச் செலுத்தாமல் விட்ட நாற்பத்தொன்பது விநாடி மௌனம், அடுத்த செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு நகர்மன்றத் தலைவரின் தொண்டையில் வந்து உட்கார்ந்தது. சாக்கடைத் திறப்பு விழா மேடையில் அவர் வாய் அசைந்தது, கை ஆடியது, சத்தம் மட்டும் வரவில்லை. மைக்செட்காரர் ஒயரை மாற்றினார், மைக்கை மாற்றினார், தலைவரை மாற்றுவது தன் வேலையில்லை என்பதால் அதோடு விட்டுவிட்டார்.

காரணம் தையற்காரம்மாவுக்குத் தெரியும். இருபத்திரண்டு வயதில், கடல் தாண்டி, அவள் வாயில் நுழையாத பெயருள்ள ஓர் ஊரில், யாரோ இருவருடைய சண்டையில் குண்டு பட்டு மகன் செத்துப்போனான். நகர்மன்றம் சும்மா இருக்குமா? அஞ்சலிக் கூட்டம் போட்டது. தலைவர் நாற்பது நிமிடம் பேசினார். அதில் மகனைப் பற்றி இரண்டு வரி, மீதியெல்லாம் புதிய தண்ணீர்த்தொட்டி. பிறகு ஒரு நிமிட மௌனத்துக்கு எல்லோரும் எழுந்தார்கள். தையற்காரம்மா மனசுக்குள் எண்ணினாள். பதினொன்று வந்ததும், "நன்றி, உக்காரலாம்" என்றார் தலைவர். சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. பெற்றவள் மட்டும் அறுபது வரை நின்றாள்.

"ஒரு நிமிஷம்னா முழுசா நில்லுங்க, அது போதும்" என்று வருடாவருடம் நகர்மன்ற அலுவலகத்துக்குப் போய்ச் சொன்னாள். "கவனிக்கிறோம்மா" என்றார்கள். இரண்டு குழுக்கள் அமைத்துக் கவனித்தார்கள். நினைவு நாள் தவறாமல் வந்தது, பதினோராவது விநாடியில் நன்றியும் தவறாமல் வந்தது. விடுபட்டதெல்லாம் வட்டிக்கு வட்டியாகச் சேர்ந்து பெருத்து, ஆறாம் ஆண்டில் தலைவரின் அஞ்சலி உரை முழுவதையும் விழுங்கியது.

மறு ஆண்டு தேர்தல். நினைவு நாளுக்கு முந்தைய வாரம் தலைவரே தையல் கடைக்கு வந்தார். மேடையில் வராத பேச்சு அங்கே தாராளமாக வந்தது.

"அம்மா, இந்தத் தடவை விட்டதையும் சேத்து மொத்தமா நின்னுடறோம்."

"நின்னா இந்த மௌனம் போயிடுமா?"

"சுத்தமா போயிடும்."

தையற்காரம்மா மெஷினை நிறுத்தினாள். ஏழு வருடம் கேட்டு அலைந்தது வாசல் தேடி வந்திருந்தது. அவளுக்கு அழுகை வந்தது.

"அப்ப நிக்க வேணாங்க. போன வருஷம் நீங்க சத்தமில்லாம பேசிட்டிருந்தப்ப, என் பிள்ளை தூங்கறப்ப மூச்சு விடற சத்தம் கேட்டுச்சு. மூக்கடைப்பு இன்னும் போகல அவனுக்கு."

இப்போதும் பதினோரு விநாடிதான் நிற்கிறார்கள். தலைவர் நாற்பது நிமிடம் வாயசைக்கிறார். அவர் பேச்சு முன்னைவிட எவ்வளவோ தேவலை என்று ஊரே சொல்கிறது. தையற்காரம்மா முன்வரிசையில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறாள். வாய் நின்றதும் கைதட்டுகிறார்கள், பையன் விழித்துக்கொள்ளாதபடி மெதுவாக.