உள்ளே பூசாத எண்ணெய்

இரண்டாம் உலகப் போர் முடிந்து பதினைந்து வருடம் ஆன பிறகும் ஜெர்மன் துப்பாக்கிகள் எங்கள் பென்சில்வேனியா மலைகளுக்குள் வந்துகொண்டுதான் இருந்தன. சண்டைக்கு இல்லை, என் கடைப் பீப்பாயில் விளக்குமாறுகளுக்குப் பக்கத்தில் நிற்பதற்கு. வாங்கியவன் அதை வீட்டு நிலவறைக்குக் கொண்டுபோய், பட்டாளத்துக் கனத்தை இழைத்துத் தள்ளி, மான் வேட்டைக்கு ஏற்றபடி ஒல்லியாக்குவான். ஊரில் பாதிப் பேருக்கு அதுதான் பொழுதுபோக்கு. மீதிப் பேருக்கு அதைக் குறை சொல்வது பொழுதுபோக்கு.

இர்மா சோப்சாக் சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைப்பவள். குள்ளமான ஆள். அவள் எடுத்த மவுசர் துப்பாக்கியைத் தோளில் வைத்தால் விசைக்கு விரல் எட்டவில்லை. மரக்கட்டை நீளம், குழாய் துரு, வார் மட்டம் என்று அரைமணி நேரம் குறை சொன்னாள். புகழ்கிறவன் போய்விடுவான், குறை சொல்கிறவன்தான் வாங்குவான் என்பார் என் அப்பா. லெபனானிலிருந்து மூட்டையோடு வந்து வீடு வீடாக விற்றவர். அவர் வாக்கு பொய்க்கவில்லை.

மலைமேல் இர்மா குடும்பத்து வேட்டைக் குடிலில் அந்த வருடம் ஒரு படுக்கை காலி. அக்கா புருஷன் ஸ்டான்தான் அங்கே பெரிய தலை. அந்த இடத்தைத் தன் மேஸ்திரிக்குக் கொடுக்க நினைத்திருந்தான். இர்மா தனக்குத்தான் என்றாள். பெண்பிள்ளை யாரும் அதுவரை அங்கே படுத்ததில்லை. ஆனால் குடிலின் சட்டத்தில் ஆண், பெண் என்று எழுதவில்லை. வேட்டை தொடங்கும் திங்கட்கிழமைக்கு முன், எதிர்ச்சரிவில் மாட்டிய தட்டை மூன்று தோட்டாவும் துளைக்க வேண்டும், அவ்வளவுதான். சனிக்கிழமை தவறினால் ஞாயிறு பூசை முடிந்து இன்னொரு தடவை. ஸ்டான் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டான்.

அவள் கட்டையைத் தன் கைக்கு அளவாக அறுத்தாள், முன்பக்கத்து மரத்தைப் பாதியாகக் குறைத்தாள். பிறகு மரத்துக்கு மெருகேற்ற ஆளிவிதை எண்ணெய். ஒவ்வொரு பூச்சு காய்ந்ததும் கடைக்குக் கொண்டுவந்து காட்டுவாள். அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வெட்டிக் கூட்டம் தடவிப் பார்த்து மெச்சும். கடைசியாக எல்லாரும் செய்யும் சோதனை. குழாய் மரத்தில் பட்டால் குண்டு திசை மாறிவிடும் என்பதால், இரண்டுக்கும் நடுவே ஒரு டாலர் நோட்டை விட்டு இழுப்பார்கள். என் நோட்டு வழுக்கிக்கொண்டு ஓடியது.

சனிக்கிழமை மலையில் பனித் தூறல். தோட்டா விற்கிற சாக்கில் நானும் போயிருந்தேன். முதல் குண்டு தட்டின் நடுவில். இரண்டாவது ஓரத்தைக் கிழித்தது. மூன்றாவது தட்டைப் பார்க்கவே இல்லை.

ஸ்டான் துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நல்லா மினுக்குது இர்மா. மான் இதுல மொகம் பாத்து, தலைய சீவிக்கிட்டுப் போயிரும்."

எல்லாரும் சிரித்தார்கள். பட்டாளத்துச் சாமானை அறுக்கவே கூடாது, அறுத்ததுதான் வினை என்று ஒருவன் தீர்ப்பும் சொன்னான். இர்மா துப்பாக்கியை ஈரத்தோடு வண்டியில் போட்டுக்கொண்டு என்னோடு கடைக்கு வந்தாள்.

நான் வியாபாரி. அலமாரியிலிருந்த ஒரு புதுத் துப்பாக்கியை மெதுவாக அவள் பக்கம் நகர்த்தினேன், ஆகிவந்த கம்பெனி என்றும் சொன்னேன்.

"அத எடுத்து உள்ள வைங்க ஃப்ரெட். ஒரு நோட்டு குடுங்க."

"நேத்துதானே விட்டுப் பாத்தோம்?"

"நேத்து இங்க அடுப்புப் பக்கத்துல பாத்தோம். இப்ப நனஞ்சிருக்கு."

நோட்டைச் செருகினாள். பாதி போய், கடனாளியைப் போல அப்படியே நின்றுவிட்டது. இர்மா திருகாணிகளைக் கழற்றிக் கட்டையைப் பிரித்தாள். வெளியே கண்ணாடி. உள்ளே, குழாய் படுக்கும் பள்ளத்தில், எண்ணெய் காணாத வெறும் மரம். ஈரம் குடித்து ஒரு பக்கம் உப்பியிருந்தது.

அவள் சிரித்துவிட்டாள். "வெளியில எட்டுப் பூச்சு பூசியிருக்கேன். உள்ள ஒரு சொட்டு இல்ல. பாக்குறவனுக்காகவே பூசியிருக்கேன் ஃப்ரெட்."

கூடையின் மேல்வரிசையில் மட்டும் நல்ல ஆப்பிளை அடுக்குகிற ஜாதியில் பிறந்தவன் நான். புதுத் துப்பாக்கியை அலமாரியில் திருப்பி வைத்தேன்.

எண்ணெய் ஒரே ராத்திரியில் காயாது. அவளுக்கு ஜாம் புட்டியின் வாயை அடைக்கிற மெழுகு ஞாபகம் வந்தது. உப்பிய இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, மரத்தை அடுப்பருகே உலர்த்தி, மெழுகை உருக்கிப் பள்ளம் முழுக்கச் சூட்டோடு ஊறவிட்டாள். பிதுங்கியதைச் சுரண்டி எடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தூறல் கனமழையாகியிருந்தது. கூட்டம் பூசைக்கு வந்ததைவிட அதிகம். நனையட்டும் என்றே இர்மா துப்பாக்கியை நெடுநேரம் மழையில் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பைத்தியம் என்று ஸ்டான் மேஸ்திரியிடம் சொன்னது என் காதில் விழுந்தது. பிறகு மூன்று முறை சுட்டாள், நிதானமாக, ஒவ்வொன்றுக்கும் நடுவே மூச்சை விட்டு.

தட்டைக் கொண்டுவர ஸ்டானே போனான். திரும்பும்போது நடை மெதுவாக இருந்தது. ஒரு காப்பிக் கோப்பையால் மூடிவிடலாம், மூன்று துளைகளும் அத்தனை நெருக்கம். மேஸ்திரி தொப்பியைச் சரிசெய்துகொண்டு மழையைக் குறை சொன்னான்.

ஸ்டான் தட்டை இர்மாவிடம் நீட்டினான். "கதவோரப் படுக்கைதான் இருக்கு. காத்து வரும்," என்றான்.

"வரட்டும்."

"பக்கத்துப் படுக்கை ஜானோஸ் கொறட்டை விடுவான்."

"நானும்தான் விடுவேன்," என்று சொல்லிவிட்டு, இர்மா வண்டியிலிருந்து கம்பளிச் சுருளை எடுக்கப் போனாள்.