இரண்டாவது முதுகு

தொலைக்காட்சியில் அந்தப் படம் வந்தபோது அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஏதோ ஒரு வெளிநாட்டில் ஏவுகணை ஒன்று வானத்தில் ஏறுகிறது. அதைப் பார்த்தபடி சில ஆண்கள் நிற்கிறார்கள், எல்லோரும் கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. முகம் வெளியே தெரியக் கூடாது என்று அந்த நாட்டில் இப்படித்தான் படம் எடுப்பார்களாம். வெளிநாட்டுக்காரர்களும் சேர்ந்து செய்த ஏவுகணை என்றும், இடது ஓரத்தில் நிற்பவரைப் போன வாரம் அவர் வீட்டு வாசலிலேயே யாரோ சுட்டுவிட்டார்கள் என்றும் செய்தி வாசிப்பவர் சொன்னார். அந்த முதுகைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.

அடுத்த முதுகைப் பார்த்ததும் கையிலிருந்த சட்டை மடியில் விழுந்தது. இடது தோள் இறங்கியிருந்தது. வெல்டிங் கவசத்தை அந்தக் கையிலேயே பிடித்துப் பிடித்துச் சாய்ந்துபோன தோள். கல்யாணத்தன்று போட்டோக்காரர் தூக்கி நிறுத்திப் பார்த்து அலுத்துப்போன தோள். அந்த நாட்டில் தண்ணீர்த் தொட்டி வேலை என்று சொல்லிவிட்டுத்தான் அவள் கணவன் போன வருடம் போய்வந்தான். தொட்டி என்னவோ தொட்டிதான். அதில் ஊற்றியது தண்ணீர் இல்லை, ஏவுகணைக்கான எரிபொருள்.

வாசலில் எதிர்வீட்டு அக்காவின் குரல். "ஏய், டிவி பாத்தியா? ரெண்டாவதா நிக்கிற ஆளு அச்சு அசல் உன் வீட்டுக்காரர் மாதிரியே கோணிக்கிட்டு நிக்கிறாரு!"

"அவருக்கு ஏணியில ஏறினாலே தலை சுத்தும்க்கா. இவரா ராக்கெட் விடப்போறாரு?"

இருவரும் சிரித்தார்கள். அக்கா போனதும் அவள் டிவியின் சத்தத்தைக் குறைத்தாள். வெறுமனே பார்த்த அக்காவுக்கே தெரிகிறது. தேடிப் பார்க்கிறவர்களுக்கு?

வேலைக்குக் கிளம்பி வந்த கணவன் திரையைப் பார்த்ததும் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தான்.

"அவரா..." என்றான். "திரும்பி நில்லுங்க, ஒண்ணும் பயமில்லன்னு எங்களுக்குச் சொன்னதே அவருதான்."

"இன்னைக்குப் போகாதீங்க."

"போகலன்னா ஏன் வரலன்னு கேப்பாங்க. அதுவும் இந்தப் படம் வந்த அன்னைக்கேவா?"

வாசலில், காலரைச் சரிசெய்கிற மாதிரி அவன் தோளைத் தூக்கிவிட்டாள். "நிமிந்து நடங்க."

"நடக்குறேன்மா."

வகுப்பில் எழுந்து நிற்கும் பையனைப் போல விறைத்துக்கொண்டு போனான். தெருமுனையில் ஹெல்மெட் போட்ட ஒருவன் பைக்கை நிறுத்திவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். யாரையாவது கூட்டிப்போக வந்தவனாக இருக்கும். நேற்றும் நின்றானோ? அவளுக்கு நினைவில்லை. நேற்றுவரை அவள் தெருமுனையைப் பார்த்ததே இல்லை.

கணவன் பைக்கைக் கடந்தான். சாப்பாட்டுப் பையைக் கை மாற்றினான். தோள் மெல்ல, பழகிய இடத்துக்கு இறங்கியது.

ஹெல்மெட் போனிலிருந்து நிமிர்ந்தது.